சார்பட்டா பரம்பரை (திரைப்படம்)

சார்பட்டா பரம்பரை 2021ஆம் ஆண்டு சூலை 22 அன்று அமேசான் பிரைம் வீடியோ வழியாக வெளியான தமிழ்த் திரைப்படமாகும். பா. ரஞ்சித் இயக்கிய இத்திரைப்படத்தில் ஆர்யா, பசுபதி, ஜான் கொக்கேன், கலையரசன், துசாரா விஜயன், சபீர் கல்லரக்கல், ஜான் விஜய், அனுபமா குமார் முதலானோர் நடித்துள்ளனர். சந்தோசு நாராயணன் இசையமைத்துள்ளார். 1970களின் நடுப்பகுதியில் வடசென்னையில் இயங்கிய குத்துச்சண்டைப் பரம்பரைகளுக்கு இடையிலான பகையே இதன் களம். கொலையுண்ட ஒரு குத்துச்சண்டை வீரனின் மகன், தந்தையின் வழியே போய்விடுவானோ என்று அஞ்சும் தாயின் தடையை மீறிக் கோதாவில் இறங்குவதும், அவள் அஞ்சியபடியே வழிதவறுவதும், மீண்டு வருவதும் கதையாக அமைந்துள்ளன.

பெயர்

'பரம்பரை' என்னும் சொல் இங்கு குருதிவழி வந்த குடும்பத்தைக் குறிப்பதன்று. ஒரே வாத்தியாரிடமோ அவருடைய மாணாக்கர் வழியிலோ குத்துச்சண்டை பயின்றோரின் கூட்டமே பரம்பரை எனப்பட்டது. இசையில் பாணி, சிலம்பத்தில் ஆசான் வழி என்று சொல்வது போன்றது இது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்பச் செட்டியார் ஆகிய பெயர்களில் பரம்பரைகள் சென்னையில் உண்மையாகவே இருந்தன. 'சார்' என்பதற்கு நான்கு என்றும், 'பட்டா' என்பதற்குக் கத்தி என்றும் பொருள்கொண்டு, சார்பட்டா என்பது நான்கு கத்தி என்னும் பொருள் தரும் உருதுச் சொற்சேர்க்கை என ஒரு விளக்கம் சொல்லப்படுவதுண்டு. திரைப்படத்தில் சார்பட்டாவுக்கு எதிராக நிற்பது இடியப்பப் பரம்பரை. பெயர்கள் உண்மையானவை எனினும் கதைமாந்தரும் நிகழ்வுகளும் புனைவே. ஆகவே இதனை வரலாற்றுப் படமாகக் கொள்ளாமல், வரலாற்றுப் பின்னணி கொண்ட புனைகதையாகக் கொள்வதே பொருத்தம்.

பின்னணி: வடசென்னையும் ஆங்கிலக் குத்துச்சண்டையும்

கையுறை அணிந்து ஆடும் குத்துச்சண்டை தமிழகமெங்கும் பரவிய ஆட்டமன்று. சித்தன்னவாசல் அமைந்துள்ள புதுக்கோட்டை மாவட்டத்தை எடுத்துக்கொண்டால், அங்கு வீரம் என்றவுடன் நினைவுக்கு வருவது வாடிவாசல்தான். ஆண்டுதோறும் தமிழகத்தின் முதல் சல்லிக்கட்டு அம்மாவட்டத்தின் தச்சங்குறிச்சியில் நடைபெறுவது வழக்கம். எந்தக் காளை எந்த ஊருடையது, அதனைப் பிடித்தவன் எந்தத் தெருவினன் என்பது அங்கு ஊர்ப்பேச்சாகும். ஏறத்தாழ அதே வகையான ஊர்ப்பேச்சு வடசென்னையின் சில தெருக்களில் குத்துச்சண்டையைச் சுற்றி இருந்தது. அத்தெருக்களுக்கு வெளியே இருந்த தமிழர்களுக்கு அது பெரும்பாலும் தெரியாத உலகம். படம் வெளியானபோது பலர் வியந்ததற்கு இதுவே முதற்காரணம்.

இவ்வாட்டம் சென்னைக்கு ஆங்கிலேயருடன் வந்தது. 1867இல் குயின்ஸ்பரி விதிகள் வெளியிடப்பட்ட பின் கையுறை, மூன்று நிமிடச் சுற்று, சுற்றுகளுக்கிடையே ஒரு நிமிட ஓய்வு, வீழ்ந்தவன் எழுவதற்குப் பத்து வினாடி என ஆட்டம் ஓர் ஒழுங்குக்கு வந்தது. படைவீரர்களும் மாலுமிகளும் இதனை எடுத்துச் சென்ற இடங்களில் துறைமுக நகரான சென்னையும் ஒன்று. துறைமுகத்தில் சுமை தூக்கியோர், மீனவர், பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர், பெரம்பூர் தொடர்வண்டிப் பணிமனையைச் சார்ந்த ஆங்கிலோ இந்தியர் ஆகியோர் அடுத்தடுத்து வாழ்ந்த பகுதி வடசென்னை. ஆங்கிலோ இந்தியர் ஆடியதைப் பார்த்தும் அவர்களோடு மோதியும் உள்ளூர்த் தொழிலாளர் இக்கலையைத் தமதாக்கிக் கொண்டனர். சுவரொட்டிகளில் 'ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை' என்று விளம்பரம் செய்யப்பட்டது. ஆட்டம் ஆங்கிலேயருடையது, ரோசம் உள்ளூருடையது என்பதை அத்தொடர் தானே சொல்லிவிடுகிறது.

சார்பட்டா வழியில் கித்தேரி முத்து என்னும் பெயர் இன்றும் நினைவுகூரப்படுகிறது. ஆங்கிலோ இந்திய வீரர்களை எதிர்த்து ஆடியதால் அவர் பெயர் பெற்றார். 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் சிம்மி எல்லிசுடன் காட்சி ஆட்டம் ஆடியதும், அதில் எம். ஜி. ஆர். கலந்துகொண்டதும் வடசென்னையின் முதியோர் இன்றும் சொல்லும் நிகழ்ச்சி. பிற்காலத்தில் சென்னையைச் சேர்ந்த வெ. தேவராசன் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடினார். 1994இல் பாங்காக்கில் நடந்த உலகக்கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்றார். அவர் ஆடியது அமெச்சூர் குத்துச்சண்டை. பரம்பரைகளின் பணப்பந்தய ஆட்டம் அதற்குள் மங்கிவிட்டிருந்தது.

கதைச் சுருக்கம்

(கவனிக்க: கதையின் முக்கிய நிகழ்வுகளும் முடிவும் கீழே தரப்பட்டுள்ளன.)

ஆண்டு 1975. துறைமுகத்தில் கூலி வேலை செய்யும் கபிலன் (ஆர்யா) குத்துச்சண்டைப் பித்தன். ஆட்டம் நடக்கும் இடத்துக்கு வேலையை விட்டு ஓடுபவன்; ஆனால் ஒருபோதும் கையுறை அணிந்ததில்லை. அவன் தாய் பாக்கியம் (அனுபமா குமார்) அதனை அறவே தடை செய்திருக்கிறாள். அவன் தந்தை முனிரத்தினம் சார்பட்டாவின் வீரனாயிருந்து, பின்னர் அடிதடிக்காரனாகி, வெட்டிக் கொல்லப்பட்டவர்.

சார்பட்டாவின் வாத்தியார் ரங்கன் (பசுபதி) தி.மு.க.காரர். இடியப்பப் பரம்பரையின் வெம்புலி (ஜான் கொக்கேன்) சார்பட்டா வீரர்களை அடுத்தடுத்து வீழ்த்த, எதிர்த்தரப்பு வாத்தியார் துரைக்கண்ணு எள்ளி நகையாடுகிறார். அடுத்த ஆட்டத்திலும் தோற்றால் சார்பட்டா இனி கோதாவில் இறங்காது என்று ரங்கன் சூளுரைத்துவிடுகிறார். அந்த ஆட்டத்துக்குத் தன் மகன் வெற்றிச்செல்வனை (கலையரசன்) விடுத்து ராமனைத் (சந்தோசு பிரதாப்) தெரிவு செய்கிறார். மகனுக்கு மனக்குறை. பயிற்சிக் களத்தில் கபிலன் ராமனை அடித்து வீழ்த்திவிட, வாத்தியாரின் பார்வை அவன்மீது திரும்புகிறது. ராமனின் உறவினரான தணிகை இதனைத் தன் குடும்பத்துக்கும் சாதிக்கும் நேர்ந்த அவமானமாகக் கருதுகிறான்.

வெம்புலியைச் சந்திக்குமுன் கபிலன் இடியப்பப் பரம்பரையின் டான்சிங் ரோசை (சபீர் கல்லரக்கல்) வெல்ல வேண்டும். வெல்கிறான். வெம்புலியோடு மோதும் நாளில் வெற்றி அவன் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது தணிகையின் ஆட்கள் கோதாவுக்குள் புகுந்து கலகம் செய்கின்றனர். கபிலனின் உடை கிழிக்கப்பட்டு அவன் ஊரார் முன் அம்மணமாக்கப்படுகிறான். அதே நேரத்தில் தி.மு.க. அரசு கலைக்கப்பட்ட செய்தி வர, ரங்கனைக் காவல்துறை கைது செய்கிறது. ஆட்டம் முடிவின்றி நின்றுபோகிறது.

பின்னர் கபிலன் ஆத்திரத்தில் தணிகையை ஆயுதத்தால் தாக்கிச் சிறை செல்கிறான். வெளிவந்தபின் வெற்றியோடு சேர்ந்து கள்ளச்சாராயத் தொழிலில் இறங்கி, குடிக்கு அடிமையாகி, உடல் பெருத்து, அடியாள் கூட்டத்தோடு திரிகிறான். பாக்கியம் எதற்கு அஞ்சினாளோ அதுவே நடக்கிறது. சிறையிலிருந்து திரும்பும் ரங்கன் அவனைக் கண்டு வெறுக்கிறார். இறுதியில், மகனைக் கோதாவிலிருந்து விலக்கி வைத்திருந்த அதே தாய், அவன் மீள்வதற்குக் கோதாவைத் தவிர வேறு வழியில்லை என்று உணர்ந்து அவனை ஆடச் சொல்கிறாள். கடற்கரையில் வாழும் பழைய வீரர் பீடி ராயப்பனிடம் மீண்டும் பயின்று, கபிலன் வெம்புலியை எதிர்கொண்டு வீழ்த்துகிறான்.

முனிரத்தினத்தின் கொலை

குத்துச்சண்டை உலகமும் கொலையும் சேர்ந்து வரும் கதைகள் மேலைநாட்டுத் திரையிலும் தொலைக்காட்சியிலும் ஏராளம். எர்னஸ்ட் எமிங்வேயின் சிறுகதையை ஒட்டி 1946இல் வெளிவந்த 'தி கில்லர்ஸ்' படத்தில் முன்னாள் குத்துச்சண்டை வீரன் ஒருவன் தொடக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்படுகிறான். ஏன் என்பதைத் தேடுவதே மீதிக்கதை. 1984 முதல் 1996 வரை ஒளிபரப்பான 'மர்டர், ஷீ ரோட்' என்னும் அமெரிக்கத் துப்பறியும் தொடரிலும் 1987இல் குத்துச்சண்டை உலகில் நிகழும் கொலை ஒன்று ஒரு பகுதிக்குப் பொருளாயிற்று. இவ்வகைக் கதைகளுக்கு இக்களம் வாய்ப்பாக அமைவதற்குக் காரணம் உண்டு. பந்தயப் பணம், விலைபேசப்பட்ட தோல்வி, வீரனைச் சொத்தாகக் கருதும் மேலாளர், பலர் முன்னிலையில் அடித்துக்கொள்ளும் இருவர் என ஐயத்துக்குரியோரும் கொலைக்கான காரணங்களும் அங்கு முன்னரே தயாராக நிற்கின்றன. துப்பறிவாளர் வந்து ஒருவரைச் சுட்டிக்காட்டுவதுதான் பாக்கி.

சார்பட்டா பரம்பரையிலும் ஒரு கொலை இருக்கிறது. ஆனால் அது கதை தொடங்கும் முன்பே நடந்து முடிந்துவிட்டது. கொன்றவர் யார் என்று படத்தில் எவரும் துப்புத் துலக்குவதில்லை. பாக்கியத்துக்கு அக்கேள்வி முக்கியமில்லை. தன் கணவனைக் கொன்றது ஒரு மனிதன் என்று அவள் எண்ணவில்லை. குத்துச்சண்டை அவருக்குப் பெயரைத் தந்தது, பெயர் அவரைச் சிலருக்குப் பயன்படும் ஆளாக்கியது, அதுவே அவரை முடித்தது என்றே எண்ணுகிறாள். கையில் வலுவும் பெயரும் உள்ள, ஆனால் நிலையான வருவாய் இல்லாத ஓர் ஏழை இளைஞனைச் சாராய வணிகரும் அரசியல் புள்ளிகளும் வட்டிக்காரரும் தேடி வருவர். அவனுக்கு அது முதலில் மரியாதையாகத் தோன்றும். ஆட்ட நாள்கள் முடிந்த வீரன் அடியாளாவது இவ்வாறுதான்.

துப்பறியும் கதை பின்னோக்கிச் சென்று கண்டறிவதை இப்படம் முன்னோக்கிச் சென்று காட்டுகிறது. படத்தின் இரண்டாம் பாதியில் கபிலன் படிப்படியாகத் தந்தையின் இடத்துக்கு வந்து சேர்கிறான். முனிரத்தினம் எப்படிக் கொலையுண்டார் என்று விரிவாகச் சொல்லப்படவில்லை என்றாலும், கபிலனைப் பார்க்கும் பார்வையாளருக்கு அது புரிந்துவிடுகிறது. சிலர் நீளம் என்று குறைகூறிய இரண்டாம் பாதியின் பயன் இதுவே எனலாம்.

காலமும் அரசியலும்

1975 சூன் 25 அன்று இந்தியாவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. மு. கருணாநிதி தலைமையிலான தி.மு.க. அரசு அதனை எதிர்த்தது. 1976 சனவரி 31 அன்று அவ்வரசு கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. கட்சியினர் பலர் மிசா என்னும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ச் சிறைப்படுத்தப்பட்டனர். மு. க. ஸ்டாலினும் அவர்களுள் ஒருவர். சிறையில் தாக்கப்பட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு பின்னர் உயிரிழந்தார். 1977 மார்ச்சில் நெருக்கடி நிலை விலக்கப்பட்டது. அவ்வாண்டு சூன் தேர்தலில் வென்று எம். ஜி. ஆர். முதலமைச்சரானார்.

ரங்கன் கோதாவிலிருந்து கைது செய்யப்படுவது இந்நிகழ்வுகளோடு பொருத்தி அமைக்கப்பட்டுள்ளது. கபிலனின் சாராயத் தொழிலும் அவ்வாறே. 1971இல் தளர்த்தப்பட்ட மதுவிலக்கு 1974இல் மீண்டும் நடைமுறைக்கு வந்து 1981 வரை நீடித்தது. ஆகவே கதை நடக்கும் ஆண்டுகளில் சாராயம் என்றாலே கள்ளச்சாராயம்தான். அதற்கு அடியாளும் வேண்டும், அரசியல் காப்பும் வேண்டும். ரங்கன் தி.மு.க.விலும் மகன் வெற்றி அ.தி.மு.க. பக்கமும் நிற்பது, 1972 அக்டோபரில் கட்சி பிளவுண்டபின் பல குடும்பங்களில் ஏற்பட்ட பிளவை ஒத்தது.

உலகக் குத்துச்சண்டை வரலாற்றிலும் இது குறிப்பிடத்தக்க காலம். 1964இல் பெயர் மாற்றிக்கொண்டவரும், வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்து 1967இல் பட்டத்தை இழந்தவருமான முகமது அலி, 1974 அக்டோபர் 30 அன்று கின்சாசாவில் சார்சு போர்மனை வீழ்த்தி அதனை மீட்டார். 1975 அக்டோபர் 1 அன்று மணிலாவில் சோ பிரேசியரை வென்றார். வடசென்னைக் குடிசைச் சுவர்களில் அவர் படம் இடம்பெற்றதற்கு அவருடைய குத்தின் வலிமை மட்டும் காரணமன்று. ஒடுக்கப்பட்ட ஒருவன் உலகின்முன் தலைநிமிர்ந்து பேசினான் என்பதும் காரணமாகும்.

சாதியைப் படம் நேரடியாகப் பெயர்சொல்லிப் பேசுவது குறைவு. அம்பேத்கர் படம், புத்தர் உருவம், தணிகையின் ஏளனம், கபிலன் என்னும் பெயர் ஆகியவற்றின் வழியாகவே அது உணர்த்தப்படுகிறது. வாய்ப்பு ஒருவனுக்குக் கிடைப்பது திறமையாலா பிறப்பாலா என்பதே ராமன், கபிலன் பூசலின் உள்ளீடு. ஆடை கிழிக்கப்படும் காட்சியும் இவ்வகையில்தான் பொருள்படுகிறது. அடித்து வெல்ல முடியாதவனை அவமானப்படுத்தியாவது இறக்கிவிட வேண்டும் என்பது தணிகையின் எண்ணம். படத்தில் வரும் குத்துகள் அனைத்தையும்விட அது கபிலனை நீண்ட காலம் படுக்க வைக்கிறது.

கோதாக் காட்சிகள்

குத்துச்சண்டைப் படங்களில் ஆட்டங்கள் ஒன்றுபோலத் தோன்றிவிடும் குறை பொதுவானது. இப்படத்தில் அது பெருமளவு தவிர்க்கப்பட்டுள்ளது. ஒவ்வொருவருக்கும் தனிப் பாணி தரப்பட்டுள்ளமையே அதற்குக் காரணம். வெம்புலி நெருங்கி வந்து நொறுக்குபவன். ராமன் முறைப்படி பயின்றவன். கபிலன் பயிற்சி குறைந்தவன் ஆயினும் சிறுவயது முதல் பார்த்தே கற்றவன். எனவே எதிராளியின் ஆட்டத்தைப் படித்து, அதற்கு மாற்றுக் காண்பது அவன் இயல்பு. சண்டைப் பயிற்சியை அன்பறிவ் இரட்டையர் அமைத்துள்ளனர்.

டான்சிங் ரோஸ் உடனான ஆட்டமே படத்தின் உச்சம் என்று பார்வையாளர் பலர் கருதுவர். ரோஸ் கைகளைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு ஆடுகிறான். இடுப்பை வளைக்கிறான், நடனமாடுகிறான், கயிற்றில் சாய்கிறான், எதிர்பாராத கோணத்திலிருந்து குத்துகிறான். 1990களில் புகழ்பெற்ற பிரித்தானிய வீரர் நசீம் அமீதின் ஆட்டத்தோடு பலர் இதனை ஒப்பிட்டனர். இவ்வாறு ஆடுவோரின் கண்ணையோ கையையோ பார்த்து ஆடுவது பயன்தராது, அவை ஏமாற்றும். குத்து பிறப்பது கால் ஊன்றும் இடத்திலிருந்துதான். உடல் எடை எக்காலுக்கு மாறுகிறதோ அதனைக் கொண்டே அடுத்த குத்தைக் கணிக்க இயலும். கபிலன் முதலில் திணறி, பின் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு வெல்வது நம்பத்தக்கதாய் இருப்பதற்குக் காரணம், அவன் திணறும் நேரத்தைப் படம் சுருக்காமல் காட்டுவதே. ரோஸ் கதையில் எதிர்த்தரப்பினன், வில்லன் அல்லன். தோற்றபின்னும் அவனுடைய மதிப்புக் குறைவதில்லை. இக்கதாபாத்திரத்துக்கு நாயகனுக்கு நிகரான புகழ் கிட்டியது.

கோதாவின் மூலையில் நிற்கும் வாத்தியாரின் பணியும் நன்கு காட்டப்பட்டுள்ளது. சுற்றுகளுக்கிடையே கிடைக்கும் ஒரு நிமிடத்தில் நீர் தருவது, முகத்தின் வீக்கத்தைத் தணிப்பது, மூச்சைச் சீராக்குவது ஆகியவற்றோடு ஓரிரு சொற்களில் அடுத்த சுற்றின் உத்தியையும் சொல்லியாக வேண்டும். பசுபதியின் ரங்கன் அதிகம் பேசுவதில்லை. நடை, மிதிவண்டி ஓட்டும் தோரணை, ஒரு பார்வை இவற்றிலேயே அதிகாரம் தெரிகிறது. ரங்கனைப் பின்னால் அமரவைத்துக் கபிலன் மிதிவண்டி ஓட்டும் காட்சி வெளியான நாள்களில் இணையத்தில் நகைச்சுவைப் படங்களாக எங்கும் பரவியது.

பிற கதாபாத்திரங்கள்

ஜான் விஜய் ஏற்ற 'டாடி' என்னும் கெவின், ஆங்கிலோ இந்தியர். ஆங்கிலமும் சென்னைத் தமிழும் கலந்து பேசும் இவர் கபிலனுக்குத் தந்தை நிலையில் நிற்கிறார். வடசென்னைக் குத்துச்சண்டையில் ஆங்கிலோ இந்தியருக்கு இருந்த இடத்தை நினைவூட்டும் பாத்திரம் இது. இத்தகையோர் தமிழ்ப்படங்களில் வழக்கமாகக் கேலிக்கு மட்டுமே வருவர். இங்கு நகைச்சுவை இருந்தும் மதிப்புக் குன்றவில்லை.

கபிலனின் மனைவி மாரியம்மாள் (துசாரா விஜயன்) அடங்கி நிற்கும் துணைவி அல்லள். தன்னைப் புறக்கணித்துக் கோதாவையே நினைத்திருப்பவனிடம் சண்டையிடுகிறாள். குடித்துக் கிடப்பவனிடம் கணக்குக் கேட்கிறாள். ஆடவர் காக்கும் பரம்பரைப் பெருமைக்கான விலையை வீட்டில் செலுத்துவோர் பெண்கள் என்பது இவளாலும் பாக்கியத்தாலும் புலப்படுகிறது. சஞ்சனா நடராசன் ஏற்ற இலட்சுமி பாத்திரத்துக்கு இடம் குறைவு.

உருவாக்கம்

அட்டகத்தி (2012), மெட்ராஸ் (2014), கபாலி (2016), காலா (2018) ஆகியவற்றுக்குப் பின் பா. ரஞ்சித் இயக்கிய ஐந்தாவது தமிழ்த் திரைப்படம் இது. வடசென்னையின் வட்டார வழக்கை நன்கறிந்த எழுத்தாளர் தமிழ்ப்பிரபா எழுத்தில் பங்கேற்றார். ஒளிப்பதிவு முரளி ஜி., படத்தொகுப்பு செல்வா ஆர். கே., கலை த. இராமலிங்கம். கபிலன், அறிவு, மெட்ராஸ் மிரன் ஆகியோர் பாடல்களை எழுதினர். 'நீயே ஒளி' பாடல் பயிற்சிக் காட்சிகளுக்கும், 'வம்புல தும்புல' பாடல் திருமணக் கொண்டாட்டத்துக்கும் அமைந்தவை. கே9 ஸ்டுடியோஸ், நீலம் புரொடக்சன்ஸ் ஆகிய நிறுவனங்கள் தயாரித்தன.

நடிகர்கள் படப்பிடிப்புக்கு முன் நீண்டகாலம் குத்துச்சண்டைப் பயிற்சி பெற்றனர். ஆர்யா உடலைக் கட்டமைத்ததோடு, இரண்டாம் பாதிக்காகத் தொப்பை கொண்ட தோற்றத்துக்கும் மாறினார். திரையரங்குகளுக்கென உருவாக்கப்பட்ட படம், கோவிட் பெருந்தொற்றின் இரண்டாம் அலையால் அரங்குகள் மூடப்பட்டிருந்த நிலையில் இணையவழி வெளியானது. கூட்டத்தோடு சேர்ந்து ஆர்ப்பரித்துப் பார்ப்பதற்கென்றே எடுக்கப்பட்ட ஆட்டக் காட்சிகளைப் பெரும்பாலானோர் வீட்டுத் தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ தனித்துக் காண நேர்ந்தது ஓர் இழப்பே.

வரவேற்பும் விமர்சனங்களும்

இத்திரைப்படம் பெரும் வரவேற்பைப் பெற்றது. பசுபதி, ஆர்யா, சபீர், துசாரா ஆகியோரின் நடிப்பும், காலத்தை மீட்டெடுத்த கலை அமைப்பும் பாராட்டப்பட்டன. ஏறத்தாழ மூன்று மணி நேர நீளமும், கபிலனின் வீழ்ச்சியை விரைந்து அடுக்கிச் சொன்ன முறையும் குறைகளாகச் சுட்டப்பட்டன. வெம்புலியை வெல்வதற்கான இறுதிப் பயிற்சி, வழக்கமான விளையாட்டுப் படங்களின் தடத்திலேயே செல்கிறது என்பதும் உண்மையே.

அரசியல் எதிர்ப்பும் எழுந்தது. அ.தி.மு.க.வைச் சேர்ந்த முன்னாள் அமைச்சர் து. செயக்குமார், விளையாட்டை வளர்த்தவரான எம். ஜி. ஆரைப் படம் தவறாகச் சித்திரிக்கிறது என்றும், தி.மு.க.வின் பரப்புரைப் படமாக உள்ளது என்றும் குற்றஞ்சாட்டினார். முகமது அலியின் 1980 வருகையின்போது எம். ஜி. ஆர். முன்னின்றதை நினைவில் கொள்வோருக்கு இக்குறை முற்றிலும் ஆதாரமற்றதாகத் தோன்றாது. எனினும் படம் தி.மு.க.வினரையும் குறையின்றிக் காட்டவில்லை. ரங்கன் தன் மகனுக்குச் செய்யும் அநீதி கதையிலேயே கேள்விக்குள்ளாகிறது.

இன்னொரு பயனும் விளைந்தது. படம் வெளியான வாரங்களில் தமிழ் இதழ்களும் காணொளித் தடங்களும் வடசென்னையின் முதிய குத்துச்சண்டை வீரர்களைத் தேடிச் சென்று அவர்தம் நினைவுகளைப் பதிவு செய்தன. அதுவரை வாய்மொழியாக மட்டுமே இருந்த பெயர்களும் ஆட்டங்களும் அச்சேறின. வெவ்வேறு பரம்பரையினர் சொல்வன ஒன்றோடொன்று முரண்படுவதும் உண்டு. யார் யாரை எத்தனையாவது சுற்றில் வீழ்த்தினார் என்பதில் பகை இன்னும் தீரவில்லை போலும்.

குத்துச்சண்டை பற்றிய பிற தமிழ்த் திரைப்படங்கள்

பத்ரி (2001), எம். குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி (2004) ஆகியவற்றில் உதைச்சண்டை இடம்பெற்றது. சுதா கொங்கரா இயக்கிய இறுதிச்சுற்று (2016) பெண்கள் குத்துச்சண்டையைப் பற்றியது. சார்பட்டா பரம்பரைக்கு மிக நெருங்கியது ந. கல்யாணகிருஷ்ணன் இயக்கி 2015 திசம்பரில் வெளிவந்த பூலோகம். அதிலும் வடசென்னையின் இரு பரம்பரைகள் மோதுகின்றன. நாயகனின் மனத்தில் தந்தையின் சாவு கனன்றுகொண்டிருக்கிறது. ஆனால் அப்பகையை விலைகொடுத்து வாங்கி நேரலையாக்குபவர் ஒரு தொலைக்காட்சி நிறுவன முதலாளி (பிரகாஷ் ராஜ்). கோதாவில் ஒருவன் செத்துவிழும் நிலைக்கு வருவதும் அவருக்கு விளம்பர வருவாயாகிறது. சார்பட்டாவின் ரோசம் தெருவுக்குள் அடங்கியிருந்த காலத்தையும், பூலோகம் அது விற்பனைக்கு வந்த காலத்தையும் காட்டுகின்றன. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது பயனுள்ளது.

தொடர்ச்சி

இதன் இரண்டாம் பாகத்தை ஆர்யா நடிப்பில் பா. ரஞ்சித் இயக்குவார் என 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அறிவிக்கப்பட்டது.